கெட்டிஸ்பர்க் போர்க்களம்: முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் என்று ஒரு சுற்று அழைத்துப் போவார்கள். வாஷிங்டனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் அந்தப் பட்டியலில் அநேகமாக இருக்காது. போகிறவர்களும் காரிலேயே ஒரு வட்டம் அடித்து, பீரங்கிப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, “ஒரே கல்லும் புல்லுமா இருக்கு” என்று திரும்பிவிடுகிறார்கள். தயாராகாமல் போனால் அப்படித்தான் தெரியும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. தேவையான தகவல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் சிதறிக் கிடந்ததால், அலைந்து திரட்டியதை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையும் தெற்குப் படையும் 1863 ஜூலை 1 முதல் 3 வரை இங்கே மோதின. அந்தப் போரின் கதையை இதில் எழுதப்போவதில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். அந்த வயல்களில் நினைவுச்சின்னம், பலகை, குறிக்கல் என்று 1,300-க்கு மேல் இருக்கின்றன. நம் ஊர் நடுகல் செத்தவனுக்காக ஊரார் நட்டது. இங்கே இருக்கும் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) கற்களில் பெரும்பாலானவை போரில் பிழைத்தவர்கள், இருபது முப்பது ஆண்டுகள் கழித்துத் தாங்கள் நின்ற இடத்துக்கே திரும்பி வந்து நட்டவை. அவர்கள் திரும்பி வந்த கதையைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த இடம் பேச ஆரம்பிக்கும்.

1. முதலில் ஒரு ரெஜிமென்டைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். பூங்காவின் கார் பாதை 24 மைல், அதில் 16 நிறுத்தங்கள். ஒரே நாளில் எல்லாவற்றிலும் இறங்கி ஏறினால் மாலையில் எதுவும் நினைவில் நிற்காது. ஒரு ரெஜிமென்டை எடுத்துக்கொண்டு, அவர்கள் எங்கே நின்றார்கள், கல்லை எங்கே நட்டார்கள் என்று தேடுங்கள்.

எதை எடுப்பது? என் பரிந்துரைகள் இவை.

14-வது கனெக்டிகட். இதில் ஜோசப் பியர்ஸ் என்ற சீனர் இருந்தார். கான்டன் பகுதியில் பிறந்து கனெக்டிகட்டில் வளர்ந்தவர், கெட்டிஸ்பர்க்கில் போரிட்டவர். ஆசியர்களுக்கும் இந்தப் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அவர்களுடைய கல் செமிட்டரி ரிட்ஜ் மேட்டில், ‘ஆங்கிள்’ எனப்படும் கற்சுவர் மூலைக்குச் சற்று வடக்கே ஹான்காக் அவென்யூவில் இருக்கிறது. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் வடக்கே நடந்தால் ஏப்ரஹாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயியின் வீடும் களஞ்சியமும் வரும். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

72-வது பென்சில்வேனியா. துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ஓங்கும் வீரன் சிலை; ஆங்கிளில் சுவரை ஒட்டி நிற்கிறது. இதன் வழக்குக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

20-வது மேய்ன். லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில். எல்லோரும் போவது இங்கேதான், அதனாலேயே கூட்டம். 1886-இல் நட்ட மிக எளிமையான கல். பார்த்ததும் “இதுக்கா இவ்வளவு கூட்டம்” என்றுகூடத் தோன்றலாம்.

2. ஆவணம் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே தொடங்குங்கள்

இது கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு வீரனின் ஓய்வூதியக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்ற இடத்தில் நிற்பது வேறு அனுபவம். அதற்குள் மருத்துவரின் சான்று, மனைவியின் திருமணச் சான்று, “ஆமாம், இவன் அன்றைக்கு என் பக்கத்தில்தான் இருந்தான்” என்று பழைய தோழர்கள் கொடுத்த பிரமாணப் பத்திரம் எல்லாம் இருக்கும். பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்டுக்கும் உதவும். இந்தக் கோப்புகளைக் கேட்க அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. வாரிசாக இருக்கவேண்டியதும் இல்லை.

முதலில் தேசியப் பூங்காத் துறையின் ‘சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ்’ தரவுத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். இலவசம். ரெஜிமென்ட், கம்பெனி (ரெஜிமென்டின் உட்பிரிவு; ஏ, பி, சி என்று எழுத்தில் இருக்கும்) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி எழுத்து இல்லாமல் விண்ணப்பித்தால் அதே பெயரில் இருக்கும் வேறு யாரோ ஒருவருடைய கோப்பு வந்து சேரலாம்.

பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் ஆர்டர் செய்யலாம். படைப்பணிப் பதிவுக்கு என்.ஏ.டி.எஃப். 86 என்ற படிவம், 30 டாலர். முழு ஓய்வூதியக் கோப்புக்கு என்.ஏ.டி.எஃப். 85, முதல் 100 பக்கம் வரை 80 டாலர், அதற்கு மேல் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூடும். கட்டணம் மாறக்கூடியது, பணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வந்து சேர வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ஜூலை பயணத்துக்கு ஜூனில் ஆர்டர் செய்வதில் பயனில்லை.

நீங்கள் மேரிலாந்திலோ வர்ஜீனியாவிலோ இருந்தால் ஏன் 80 டாலர் கொடுக்கவேண்டும்? வாஷிங்டனில் உள்ள காப்பகக் கட்டிடத்துக்கே ஒரு வேலைநாளில் போய்விடுங்கள். பாஸ்போர்ட்டையோ மாநில அடையாள அட்டையையோ காட்டினால் ஆய்வாளர் அட்டை இலவசமாகக் கொடுப்பார்கள். கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஃபிளாஷ் இல்லாமல் செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நினைத்த நேரத்தில் கோப்பு எடுத்துத் தரமாட்டார்கள். அதற்கென்று குறித்த நேரங்கள் உண்டு. காலையிலேயே போவது நல்லது. முன்பதிவு வேண்டுமா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

பலரும் சிக்கும் இடம் ஒன்று உண்டு. தெற்குப் படை வீரனின் ஓய்வூதியக் கோப்பை இங்கே தேடாதீர்கள். அவர்களுக்கு மத்திய அரசு ஓய்வூதியம் தரவில்லை. தெற்கு மாநிலங்கள்தான் தந்தன. அலபாமாக்காரன் என்றால் அலபாமா மாநில ஆவணக் காப்பகத்தில் தேடவேண்டும். தெற்கு வீரர்களின் படைப்பணிப் பதிவு மட்டும் தேசியக் காப்பகத்திலும் உண்டு.

3. எப்போது போவது

ஜூலை 1 முதல் 3 வரை போர் நடந்த நாட்கள். பூங்கா ரேஞ்சர்கள் அந்தந்த இடத்துக்கே அழைத்துப்போய் இலவசமாக விளக்குவார்கள். மிக நன்றாக இருக்கும். கூட்டமும் வெயிலும் அதே அளவுக்கு இருக்கும். 1913-இல் ஐம்பதாம் ஆண்டு ஒன்றுகூடலுக்கு 50,000-க்கு மேற்பட்ட முன்னாள் வீரர்கள் இதே வெயிலில்தான் வந்து கூடாரங்களில் தங்கினார்கள். பெரும்பாலோர் எழுபது வயதை ஒட்டியவர்கள்! வயதான பெற்றோரோடு போகிறவர்கள் ஜூலையைத் தவிர்த்துவிடுங்கள்.

நவம்பர் 19 லிங்கன் உரையாற்றிய நாள்; தேசியக் கல்லறையில் விழா நடக்கும். அதை ஒட்டிய சனிக்கிழமை அணிவகுப்பு உண்டு. வடக்கு வீரர்களின் வழித்தோன்றல்களுடைய சங்கமும், அக்காலச் சீருடை அணிந்தவர்களும் நடந்து வருவார்கள். கடைசி வடக்கு வீரர் 1956-இல் இறந்துவிட்டதால், இன்றைக்கு ‘வீரர் ஒன்றுகூடல்’ என்று பார்க்கக் கிடைப்பது இதுதான். அனுமதிக் கட்டணம் இல்லை. குளிர் கடுமையாக இருக்கும். ஹோட்டல் கிடைப்பது அதைவிடக் கடினம்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு அக்டோபர் வேலைநாளுக்கு. ஏப்ரல், மே வேலைநாட்களில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வந்து இறங்கும்.

‘ரீஎனாக்ட்மென்ட்’ எனும் போர் நடிப்பைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்கள் கவனியுங்கள். பூங்கா நிலத்தில் இரு தரப்பும் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வதுபோல் நடிக்க அனுமதி இல்லை. அவை தனியார் நிலத்தில், தனி டிக்கெட்டில் நடப்பவை. தேதியையும் இடத்தையும் உறுதிசெய்யாமல் கிளம்பவேண்டாம்.

4. வழியும் செலவும்

ரயில் கிடையாது. அருகில் உள்ள ஆம்ட்ராக் நிலையம் ஹாரிஸ்பர்க், சுமார் 40 மைல். அங்கிருந்தும் கார் வேண்டும். நியூ ஜெர்சி எடிசன் பக்கத்திலிருந்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியா டர்ன்பைக் எனும் சுங்கச் சாலையில் வருகிறவர்கள், சுங்கம் கட்டும் இ-இசட்பாஸ் கருவி இல்லாமல் வந்தால் நம்பர் பிளேட்டைப் பார்த்து வீட்டுக்கு பில் அனுப்புவார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாடகைக் கார் என்றால் நிறுவனம் அதன்மேல் தன் சேவைக் கட்டணத்தையும் போட்டு அனுப்பும்.

போர்க்களத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பார்க்கிங்கும் இலவசம். இதற்காக வருடாந்தர தேசியப் பூங்கா பாஸ் வாங்கவேண்டாம். பணம் கட்டவேண்டியது பார்வையாளர் மையத்தில் உள்ள அருங்காட்சியகம், குறும்படம், சைக்ளோரமா மூன்றுக்கும் சேர்த்து. பெரியவருக்கு 20 டாலர் அளவில் வரும். சைக்ளோரமா என்பது 1880-களில் வரைந்த ராட்சத வட்ட ஓவியம், நடுவில் நின்று சுற்றிப் பார்ப்பது. நேரம் குறித்த டிக்கெட் என்பதால் வார இறுதியில் நேரில் போய் வாங்கினால் மாலை நேரம்தான் கிடைக்கும், அல்லது அதுவும் கிடைக்காது. முன்பே வாங்கிவிடுங்கள். இதைக் காலையில் முதல் வேலையாகப் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போனால் திசை புரியும்.

ஊருக்குள் ஹோட்டல் விலை கூடுதல். ஹாரிஸ்பர்க் பக்கமோ மேரிலாந்து ஃபிரெடெரிக்கிலோ தங்கினால் குறையும். சைவக்காரர்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதே உத்தமம். தேசியக் கல்லறைக்குள் மட்டும் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்காதீர்கள். களத்தில் கழிப்பறைகள் குறைவு, அதனால் பார்வையாளர் மையத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

5. உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்துங்கள்

ஒரே ஒரு செலவு செய்யமுடியும் என்றால் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்பேன். கெட்டிஸ்பர்க்கில் வழிகாட்டிகளுக்குத் தேர்வு வைத்து உரிமம் தரும் வழக்கம் 1915 முதல் இருக்கிறது. தேர்வும் சாதாரணம் இல்லை. உங்கள் காரையே அவர் ஓட்டிக்கொண்டு, சுமார் இரண்டு மணி நேரம் விளக்கியபடி கூட்டிப்போவார். கட்டணம் தலைக்கு இல்லை, காருக்கு. ஆறு பேர் வரை ஒரே தொகை, 100 டாலரை ஒட்டி வரும். டிப்ஸ் உங்கள் விருப்பம், கொடுப்பதுதான் வழக்கம். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மினிவேனில் போனால் பஸ் டூரைவிட மலிவு.

இதில் மூன்று சிக்கல்கள்.

ஒன்று, ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்கார்வார். ஐந்து பேர் குடும்பம் ஐந்து இருக்கைக் காரில் வந்தால் ஒருவர் இறங்கி நிற்கவேண்டியதுதான். குழந்தை இருக்கையையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டு, வாடகைக் காரில் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் காப்பீடு செல்லாமல் போகலாம். பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். நீங்களே ஓட்ட அவர் வழி சொல்லமுடியுமா என்று கேளுங்கள்.

மூன்று, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் காட்டும் அதே சுற்றைத்தான் காட்டுவார்கள். “எங்களுக்கு 14-வது கனெக்டிகட் வேண்டும், பிறகு ஒன்றுகூடல் நடந்த இடங்கள் வேண்டும்” என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். அப்படிக் கேட்டால் அவர்களுக்கே உற்சாகம் வந்துவிடும். கோடை வார இறுதிக்குச் சில வாரங்கள் முன்பே பதிவு செய்யவேண்டும்.

பெற்றோருக்கு ஆங்கிலம் வேகமாக வந்தால் புரியாது என்றால், நீங்கள் நடுவில் தமிழில் சொல்ல நேரம் வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். நிறுத்தங்களைக் குறைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்வார்கள்.

6. கற்களைப் படிக்கும் முறை

இது தெரிந்தால் வழிகாட்டி இல்லாமலும் பாதி புரியும்.

ரெஜிமென்டின் பெரிய கல்லுக்கு இடமும் வலமும் சற்றுத் தள்ளி முழங்கால் உயரத்தில் சிறு கற்கள் நிற்கும். அவை பக்க எல்லைக் கற்கள். இடது கல்லுக்கும் வலது கல்லுக்கும் இடையே நடந்து பாருங்கள். அந்த ரெஜிமென்ட் மொத்தமும் நின்ற நீளம் அவ்வளவுதான். சில இடங்களில் முப்பது நாற்பது காலடி வைத்தால் முடிந்துவிடும். பிள்ளைகளை இரு முனையிலும் நிற்கவைத்தால் பக்கம் பக்கமாகப் படித்தாலும் புரியாதது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

பிரிகேட் (பல ரெஜிமென்டுகள் சேர்ந்த பிரிவு) பலகைகளில் பீடத்தைப் பாருங்கள். சதுரம் என்றால் வடக்கு. வட்டம் என்றால் தெற்கு.

அடுத்தது, கல் நிற்கும் இடத்தில்தான் சண்டை நடந்தது என்று எப்போதும் நம்பவேண்டாம். 1880-களில் கல் நடுவதற்கு, போர்க்களத்தைப் பராமரித்த நினைவுச் சங்கம் ஒரு விதி போட்டது: ரெஜிமென்ட் போர் வரிசையில் அணிவகுத்திருந்த இடத்தில்தான் நடவேண்டும், முன்னேறிப் போன இடத்தில் கூடாது. 72-வது பென்சில்வேனியாக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. கடைசி நேரத்தில் நாங்கள் சுவர் வரைக்கும் முன்னேறினோம், எங்கள் கல் அங்கேதான் நிற்கவேண்டும் என்று நீதிமன்றம் போனார்கள். மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1891-இல் ஜெயித்தார்கள். அந்தச் சிலை அவ்வளவு முன்னால் நிற்பது அதனால்தான். எதிர்ப்பக்கமான தெற்குப் படையில் 15-வது அலபாமாவின் தலைவர் ஓட்ஸ், 1900-களின் தொடக்கத்தில் லிட்டில் ரவுண்ட் டாப்பில் தன் வீரர்களுக்கும் தன் தம்பிக்கும் ஒரு கல் கேட்டார். கிடைக்கவில்லை. அந்தச் சரிவில் 20-வது மேய்ன் கல்லைப் பார்த்துவிட்டு நாலடி கீழே இறங்கி, இல்லாத அந்தக் கல்லின் இடத்தையும் பாருங்கள்.

பென்சில்வேனியா மாநில நினைவகத்தில் வெண்கலப் பலகைகளில் ரெஜிமென்ட் வாரியாக 34,000-க்கு மேற்பட்ட பெயர்கள். நீங்கள் தேடும் வீரர் அந்த மாநிலத்தவர் என்றால் இங்கே பெயரைத் தேடலாம். படியேறி மேல்தளத்துக்கும் போகலாம். முட்டி வலி உள்ளவர்களைக் கீழேயே உட்காரவையுங்கள்.

7. ஒன்றுகூடல்களின் தடத்தில் ஒரு பிற்பகல்

ஆங்கிளிலிருந்து தொடங்குங்கள். அங்கே இருக்கும் தாழ்வான கற்சுவரின் இரு பக்கமும் நின்று, 1913 ஜூலை 3 அன்று, தெற்கின் பிக்கெட் படைக் கிழவர்களும் வடக்கின் பிலடெல்பியா பிரிகேட் கிழவர்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதற்கு முன் 1887-இலேயே இரு தரப்பும் இங்கே கூடியிருக்கிறார்கள். சுவரின் மேல் ஏறி நிற்காதீர்கள். அதற்குத் தடை உண்டு.

1913-இன் கூடார நகரம் ஊருக்குத் தென்மேற்கே வயல்களில் இருந்தது. இப்போது வயல் மட்டும்தான். காரிலிருந்தே பார்த்தால் போதும்.

பிறகு வடக்கே ஓக் ஹில். ‘நித்திய ஒளி அமைதி நினைவகம்’ இங்கே. 1938 ஜூலை 3 அன்று, 75-ஆம் ஆண்டு ஒன்றுகூடலில் அதிபர் ரூஸ்வெல்ட் திறந்துவைத்தார். அப்போது வந்த 1,800-க்கு மேற்பட்ட வீரர்களின் சராசரி வயது 94. அடிப்பீடம் வடக்கே மேய்னின் கருங்கல், தூண் தெற்கே அலபாமாவின் சுண்ணாம்புக்கல். உச்சியில் எரியும் சுடர் பகலில் சரியாகத் தெரியாது, அதனால் சூரியன் சாய்ந்த பிறகு வருமாறு திட்டமிடுங்கள். இருட்டியபின் பூங்கா சாலைகளை மூடிவிடுவார்கள், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓக் ஹில்லுக்குப் போகும் முன் ஊருக்குள் லாங் லேனில் உள்ள, லிங்கன் பெயர் வைத்த கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். வடக்குப் படையில் பணியாற்றிய கறுப்பின வீரர்கள் சுமார் 30 பேர் இங்கே இருக்கிறார்கள். பெருமைமிகு தேசியக் கல்லறையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. சுவர் தாண்டிக் கைகுலுக்கிய படத்தை எல்லாக் கடையிலும் அஞ்சலட்டையாக விற்கிறார்கள். 1913-இல் அதிபர் வில்சன் பேசிய உரையும் பகை மறந்த பெருமையைத்தான் பேசியது, அடிமைமுறை என்ற சொல்லே அதில் வரவில்லை. இந்தக் கல்லறையைப் பார்க்காமல் அந்த அஞ்சலட்டையை மட்டும் வாங்கி வருவது எனக்கு ஒப்பவில்லை. பெரும்பாலான சுற்றுலாக்களில் இது இருக்காது; வழிகாட்டியிடம் நீங்கள்தான் கேட்கவேண்டும்.

பேய் டூர் விற்பவர்கள் ஊர் முழுக்க இருப்பார்கள். உங்கள் பணம், உங்கள் இஷ்டம்.

8. அபராதமும் உண்ணியும்

மெட்டல் டிடெக்டர் கொண்டுவராதீர்கள். தரையில் கிடக்கும் தோட்டாவையோ பொத்தானையோ எடுப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். விசாவில் இருப்பவர்கள் விளையாட்டுக்குக்கூட இதில் மாட்டக்கூடாது. டிரோனுக்கும் தடை. பீரங்கிமேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுப்பதும் கூடாது.

களத்தில் சில பகுதிகளைச் சீரமைப்புக்காக மூடுவதும் உண்டு. லிட்டில் ரவுண்ட் டாப் 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை மூடிக் கிடந்தது. கிளம்பும் வாரத்தில் பூங்கா இணையதளத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று: மான் உண்ணி. அது கடித்துப் பரவும் லைம் நோய் அதிகம் இருக்கும் மாநிலங்களில் பென்சில்வேனியாவும் ஒன்று. உயரமான புல்லில் இறங்குவதானால் முழுக்கால் பேன்ட் போட்டு, அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். புடவையிலோ வேட்டியிலோ வரும் பெரியவர்கள் வெட்டிய பாதையை விட்டு இறங்கவேண்டாம். இரவு குளிக்கும்போது முட்டியின் பின்புறம், அக்குள், காதின் பின்புறம், பிள்ளைகளின் தலைமுடிக்குள் பாருங்கள். எள்ளளவு கறுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால், நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டுத் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, வளையமாகப் பரவும் சிவப்போ வந்தால் அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போங்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோர் அதற்குள் திரும்பிவிட்டால் அங்கே உள்ள மருத்துவரிடம், அமெரிக்காவில் உண்ணி கடித்தது என்பதைச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டெங்கு, மலேரியா என்றே தேடிக்கொண்டிருப்பார்கள்.